மழை வருடத்து ஷார்டொனே: 2023 யாரா பாட்டில் நல்லதா, வெறும் புளிப்பா?

2 ஆகஸ்ட் 2025, இரவு (கேள்வி)

மெல்பர்ன் வந்து மூன்று வருடம் ஆகிறது. பீர் தவிர வேறெதுவும் தெரியாது. ஆபீஸில் வேலையை விட்டுப் போன ஒருவர் 2023 யாரா பள்ளத்தாக்கு (மெல்பர்னுக்குப் பக்கத்து ஒயின் பிரதேசம்) ஷார்டொனே, வெள்ளை ஒயின் வகையாம், ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். எலுமிச்சம்பழத்தைத் தோலோடு கடித்த மாதிரி பல் கூசுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் "அது மழை வருடம், அந்த வருடத்தையே தொடாதே" என்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் "மழை வருடம்தான் வெள்ளை ஒயினுக்கு நல்லது, பத்திரமாக வை" என்கிறார். இங்கே ஒயின் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் எழுதுவாரே, அவர் சொல்லட்டும். யாரை நம்புவது?

3 ஆகஸ்ட், காலை

கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். குளிர்ந்த வருடம் சிவப்புக்குத்தான் கஷ்டம், வெள்ளைக்குக் கொண்டாட்டம். வெயில் வருடங்களில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும், நாங்கள் டார்டாரிக் அமிலத்தை மூட்டை பிரித்துக் கொட்டுவோம். 2023-ல் ஒரு கிராம் கொட்டவில்லை.

பல் கூசுவதற்குக் காரணம் மாலோவை நிறுத்தியதாக இருக்கும். பச்சை ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலத்தைத் தின்று, தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக ஒரு பாக்டீரியா மாற்றிவிடும். அதைத்தான் இங்கே சுருக்கமாக மாலோ என்பார்கள். எங்கள் இடத்தில் அந்த வருடம் எல்லாப் பீப்பாயிலும் அதை நிறுத்திவிட்டோம். மூன்று வருடம் மூடி வையுங்கள். பொறுமை இல்லையென்றால் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள். சில்லென்று குடித்தால் நாக்குக்குப் புளிப்பு மட்டும்தான் எட்டும்.

நான் ஒயின் மேக்கர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேல் யாராவில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன இடம். குழாய் இழுப்பது, பீப்பாய் கழுவுவது, அறுவடையில் பழம் பிழிகிற பிரஸ் ஓட்டுவது, குளிர்காலத்தில் கவாத்து வெட்டுவது, இவைதான் என் வேலை. இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

3 ஆகஸ்ட், இரவு

"மழை மழை என்கிறீர்களே, அப்படி என்ன மழை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் அவசரமாக எழுதினேன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

2022-23 தொடர்ந்து மூன்றாவது லா நினா பருவம் (பசிபிக் கடல் மாற்றத்தால் இங்கே மழை கூடுகிற பருவம்). 2022 அக்டோபர்தான் விக்டோரியா மாநிலத்தின் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த அக்டோபர். கீழே ஆற்றோரப் புல்வெளிகள் ஏரியாகக் கிடந்தன. நாங்கள் மேட்டில் இருப்பதால் வெள்ளம் வரவில்லை, ஆனால் மண் குழைந்துவிட்டது. எங்கள் பக்கம் செம்மண், வழக்கமாகத் தண்ணீரை நன்றாக வடிக்கும். அந்த வருடம் அதுவும் கைவிரித்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல். அதனால் அடிச்சாம்பல் நோய் எனக்குப் புதிதில்லை. இலையின் மேல்புறம் எண்ணெய் சொட்டிய மாதிரி மஞ்சள் பொட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. உலகம் முழுக்க அதே பூசணம்தான். இங்கே அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், பத்து-பத்து-இருபத்துநாலு. குறைந்தது 10 மி.மீ. மழை, குறைந்தது 10 டிகிரி வெப்பம், 24 மணி நேரம். மூன்றும் கூடினால் மண்ணில் தூங்குகிற பூசண விதை எழுந்து இலைக்குத் தாவும். சாதாரண வருடத்தில் அந்த மூன்றும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வருடம் எப்போது சேராமல் இருக்கிறது என்று பார்க்கவேண்டியிருந்தது.

மருந்து என்னவோ பழைய மருந்துதான், செம்பு. 1880-களில் பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள், வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாமலிருக்க. அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லர்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-ல் எழுதினார். போர்டோ கலவை அப்படி வந்தது. எங்கள் அப்பா இதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் கலக்குவார். கலக்கி முடித்ததும் அரிவாள் முனையை உள்ளே முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் போடவேண்டும். படியாவிட்டால் சரி. பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வேதியியல் அதுதான்.

செம்பில் ஒரு சிக்கல், அது காவல்காரன், வைத்தியன் இல்லை. மழைக்கு முன்னால் இலைமேல் இருக்கவேண்டும். நல்ல மழை ஒன்று அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்கவேண்டும். நவம்பரில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே எங்களுக்குக் கிடைத்த இடைவெளியில் டிராக்டரை இறக்கினோம், மூன்றாவது வரிசையில் பின்சக்கரம் அச்சுவரை புதைந்தது. இழுக்கப் போன இரண்டாவது டிராக்டரும் புதைந்தது. நான்கு நாள் ஓடிவிட்டது. இரண்டு வாரம் கழித்து பூங்கொத்துகள் பழுப்பாகச் சுருண்டு கிடந்தன. எங்கள் 2.2 ஹெக்டேரில் நல்ல வருடத்தில் 15 டன் வரும். அந்த வருடம் வந்தது ஐந்தரை. பாதாளத்தில் (ஒயின் செய்கிற நிலவறையில்) யாரும் ஒன்றும் செய்வதற்கு முன்னாலேயே, அந்த நான்கு நாளில், ஏறக்குறைய பத்து டன் போய்விட்டது.

5 ஆகஸ்ட்

ஒருவர் திருத்தியிருக்கிறார்: "சாம்பல் நோய்க்குச் செம்பு கேட்காது, கந்தகம்தான் அடிக்கவேண்டும்." ஐயா, நான் எழுதியது *அடிச்சாம்பல்*. நீங்கள் சொல்வது *சாம்பல்*. அதற்குக் கந்தகம்தான், மறுப்பில்லை. போதாததற்கு மூன்றாவது ஒன்று இருக்கிறது, பழத்தை அழுகவைக்கிற பாட்ரிட்டிஸ், அதுவும் பார்க்கச் சாம்பல் நிறம். தமிழில் மூன்றுக்கும் சாம்பல் என்றே பெயர் வைத்தவர் ஒரு தடவையாவது மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கமாட்டார்.

9 ஆகஸ்ட்

பாட்ரிட்டிஸ் என்றதும் மீதிக் கதையைக் கேட்கிறீர்கள். சரி.

பூக்கும் சமயம் நல்ல வெயில் இருந்தால் கொத்தில் எல்லா மணியும் ஒரே அளவில் நெருக்கமாகப் பிடிக்கும். ஷார்டொனே கொத்து இயல்பிலேயே நெருக்கம். அந்த டிசம்பரில் பூ குளிரிலும் தூறலிலும் மலர்ந்தது, பாதி மணி பிடிக்கவில்லை, பிடித்ததிலும் கொஞ்சம் பட்டாணி, கொஞ்சம் மிளகு. இங்கே இதைத் தாய்க்கோழியும் குஞ்சும் என்பார்கள். மெண்டோசா என்ற ஷார்டொனே வகையில் நல்ல வருடத்திலேயே அப்படித்தான் இருக்கும், அந்த வருடம் எல்லா வகையிலும் இருந்தது. நாங்கள் தலையில் கைவைத்தோம். டன் கணக்கில் போனதே போதாதா, மிஞ்சியதும் இப்படியா என்று.

மார்ச்சில்தான் புரிந்தது. நெருக்கமான கொத்தில் நடுவில் ஒரு மணி வெடித்தால் சாறு உள்ளேயே தேங்கி, காற்றுப் போகாமல், நான்கு நாளில் கொத்தே முடிந்துவிடும். மணிக்கு மணி இடைவெளி இருந்தால் மழை நின்று ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். டிசம்பரில் நாங்கள் சபித்த அந்தப் பொக்கைக் கொத்துகள்தான் மார்ச்சில் தப்பித்தன. நன்றாகப் பிடித்திருந்த கீழ் வரிசைகள், அணைக்குட்டைக்குப் பக்கத்தில் இருப்பவை, அவைதான் முதலில் அழுகின.

பூப்பருவம் தாண்டியபின் பாட்ரிட்டிஸுக்கு மருந்தடிக்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் வருடா வருடம் ஒரு கையேடு போடுகிறது, எந்த மருந்தை எந்தக் கட்டம்வரை அடிக்கலாம் என்று. எல்லோரும் அதை நாய் புத்தகம் என்பார்கள், அட்டையில் நாய் படம். ஏற்றுமதி ஒயின் என்றால் பல பாட்ரிட்டிஸ் மருந்துகளைப் பூத்தொப்பி (பூ மலரும்போது கழன்று விழுகிற மூடி) 80 சதவீதம் உதிர்வதற்குமுன் அடித்து முடித்துவிடவேண்டும். அதற்குப் பிறகு கைதான் மருந்து. காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கத்து இலைகளைக் கொத்தைச் சுற்றிக் கிள்ளிவிடுவோம். குருவிக்கு வலை போடுவோம், ஏனென்றால் ஒரு சிட்டு ஒரு மணியைக் கொத்தினால் அந்த ஓட்டை பாட்ரிட்டிஸுக்குத் திறந்துவிட்ட கதவு.

வெட்டு நாள். வழக்கமாக மார்ச் முதல் வாரம் முடிந்துவிடும். அந்த வருடம் மார்ச் கடைசி, 12 போமே. (போமே என்பது சாற்றின் இனிப்பு அளவு, ஒரு போமேக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு.) எங்கள் வெட்டுக் குழுவில் கம்போடியாக்கார அக்கா ஒருவர், இருபது வருடமாக இதே வேலை. கொத்தைக் கண்ணால் பார்க்கமாட்டார். உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் நடுவில் லேசாக விலக்கி, மூக்கருகே கொண்டுபோவார். ஈரமண் வாசம் என்றால் அழுகின மணிகளைக் கத்திரி நுனியால் நோண்டி எறிந்துவிட்டு மீதியை வாளியில் போடுவார். காடி வாசம் வந்தால் கொத்தோடு தரையில். நானும் முகர்ந்து பார்த்தேன். காலை எட்டு மணிக்கு வித்தியாசம் தெரிந்தது, பத்து மணிக்கு எல்லாமே என் கையுறை வாசமாக இருந்தது.

வாளிக் கணக்கில் கூலி கொடுத்தால் இப்படி யாரும் முகரமாட்டார்கள். அந்த வாரம் மணிக் கணக்கில் கொடுத்தார்கள். எங்கள் முதலாளியைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வது அபூர்வம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10 ஆகஸ்ட், காலை

நேற்று முழுக்கச் சொல்லவில்லை. ஒரு தப்பு நடந்தது, செய்தது நான்.

வெட்டின இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி. கடைசிப் பெட்டி அணைக்குட்டை வரிசையிலிருந்து வந்தது, மழை வருகிறதென்று அவசரமாக வெட்டியது. மூடியைத் தூக்கியதும் லேசாக ஒரு காடி வாசம். "ஒரு பெட்டிதானே, அரை டன்னுக்கும் கம்மி" என்று நல்ல பழத்தோடு சேர்த்து பிரஸ்ஸில் கவிழ்த்தேன். உண்மைக் காரணம், தனியாகப் போட்டால் இன்னொரு தடவை பிரஸ் ஓட்டி, கழுவி, வீடு போக மூன்று மணி ஆகும்.

பாட்ரிட்டிஸ் பழத்தில் லாக்கேஸ் என்று ஒரு நொதி வரும். வெட்டின ஆப்பிள் பழுப்பாவது வேறொரு நொதியால். அது கொஞ்சம் சல்ஃபர் (சல்ஃபர் டையாக்சைடு) காட்டினால் அடங்கிவிடும். லாக்கேஸ் சல்ஃபருக்கு அவ்வளவாக மசியாது, களிமண் போட்டு இறக்கப் பார்த்தாலும் முழுக்க இறங்காது, ஒயினான பிறகும் உள்ளே இருந்துகொண்டு காற்றுப் படும்போதெல்லாம் நிறத்தைப் பழுப்பாக்கும். சூடாக்கினால் சாகும், எங்களைப் போன்ற சின்ன இடத்தில் அந்த வசதி ஏது. கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் உண்டு, ஆனால் எங்கள் ஒயின் மேக்கர் ஒவ்வொரு பிரஸ்ஸிலிருந்தும் ஒரு டம்ளர் சாறு பிடித்து ஜன்னலில் வைப்பார், மூடாமல். காலையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை ஐந்து டம்ளர் வரிசையாக இருந்தன. நான்கு வைக்கோல் நிறம். ஐந்தாவது டீ. பால் ஊற்றாத, நன்றாகக் கொதித்த டீ. மேலே எண்ணெய் மிதப்பது மாதிரி ஒரு மினுக்கல். அவர் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்த டம்ளரைக் கொண்டுவந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சாறு மொத்தமும் எங்கள் லேபிளில் போகவில்லை. நல்ல பழமும் சேர்ந்து போனது. மிஞ்சியது நான்கு பீப்பாய், ஒவ்வொன்றும் 500 லிட்டர்.

10 ஆகஸ்ட், மாலை

"இனிப்பு கம்மியென்றால் சர்க்கரை போட்டுவிடலாமே, பிரான்ஸில் போடுகிறார்களே?" போடுகிறார்கள். பர்கண்டியில் ஒரு வரம்புக்குள் அனுமதி உண்டு, நியூஸிலாந்திலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சாதாரண ஒயினில் கரும்புச் சர்க்கரை போடக்கூடாது, அமிலம் போடலாம். வெயில் நாட்டுக்காரன் எழுதின சட்டம். திராட்சைச் சாற்றைச் சுண்டவைத்த பாகு போடலாம், நாங்கள் போடவில்லை. கொள்கை என்று சொல்ல ஆசை, ஆனால் அந்தப் பாகு எங்கோ சூடான பிரதேசத்துப் பழத்தில் செய்தது, போட்டால் நம் ஒயினில் அந்த ஊர் வாசம் வரும்.

இலை நோயில் உதிர்ந்ததால்தான் இனிப்பு ஏறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழத்துக்குச் சமைத்துப் போடுவது இலை. பாதி அடுப்பு அணைந்த வீட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் சோறு வேகாது.

16 ஆகஸ்ட்

பிரஸ் பற்றிக் கேட்டவருக்கு. நல்ல வருடத்தில் முழுக் கொத்தாகப் போட்டு மெதுவாக அழுத்தி, டன்னுக்கு 620, 640 லிட்டர்வரை எடுப்போம். சல்ஃபர் போடமாட்டோம், சாறு பழுப்பாகட்டும் என்று விட்டுவிடுவோம், பழுப்பாகிறதெல்லாம் நொதிக்கும்போது வண்டலோடு இறங்கிவிடும், ஒயின் பின்னால் காற்றுக்குப் பயப்படாது. வண்டலையும் வடிக்காமல் கலங்கலாகவே பீப்பாயில் இறக்கி, தோட்டத்து ஈஸ்டே நொதிக்கட்டும் என்று விடுவோம். யாராவில் இன்று பேர்பெற்ற பல ஷார்டொனேக்கள் ஏறக்குறைய இந்த வழிதான்.

இந்தக் கலங்கலிலிருந்துதான் அந்தத் தீக்குச்சி வாசம் வரும். ஒயின் பத்திரிகைகள் உரசின தீக்குச்சி என்று எழுதும், கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். முதல் தடவை முகர்ந்தபோது நான் "எங்கள் ஊருக்குக் கிழக்கே சிவகாசி என்று ஒரு ஊர் இருக்கிறது, ஊர் முழுக்க இந்த வாசம்தான்" என்றேன். அங்கேயும் ஷார்டொனே செய்வார்களா என்று ஒரு பையன் நிஜமாகவே கேட்டான்.

2023-ல் எல்லாம் தலைகீழ். டன்னுக்கு 520 லிட்டரில் நிறுத்தினோம். தோலை அழுத்த அழுத்த அழுகல் இறங்கும். தட்டில் சாறு விழும்போதே சல்ஃபர். 10 டிகிரியில் இரண்டு நாள் வைத்துத் தெளிந்ததை மட்டும் எடுத்தோம், வண்டலைச் சாக்கடையில் விட்டோம். தோட்டத்து ஈஸ்டை நம்பவில்லை, அதோடு காடிப் பாக்டீரியாவும் வரும். வாங்கின ஈஸ்டை அன்றே போட்டோம். பூசணம் சாற்றின் நைட்ரஜனையும் தயமினையும் தின்றுவிடும் என்பதால் அதற்கும் தீனி. மொத்தத்தில், நாங்கள் பத்து வருடமாக "அப்படிச் செய்யமாட்டோம்" என்று வருகிறவர்களிடம் பெருமை பேசின அத்தனையும் செய்தோம்.

தீக்குச்சி வாசம் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். அந்த ஒயின் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இல்லை, ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளை மாதிரி இருக்கிறது.

17 ஆகஸ்ட்

திருத்தம். பழைய நோட்டு கிடைத்தது, என் கையெழுத்துதான். நான் எழுதினதில் இரண்டு தப்பு.

ஒன்று, 12 போமே இல்லை. மார்ச் 24, 11.7 போமே, பி.எச். 3.04 (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), மொத்த அமிலம் லிட்டருக்கு 10.3 கிராம், அதில் மாலிக் 5.1.

இரண்டு, மாலோவை எல்லாப் பீப்பாயிலும் நிறுத்தினோம் என்றேன். இரண்டில்தான் நிறுத்தினோம். மற்ற இரண்டில் விட்டோம், ஆனால் அந்தப் புளிப்பில் பாக்டீரியாவே நடுங்குகிறது, குளிர்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபரில் வசந்தம் வந்து பாதாளம் கொஞ்சம் சூடானதும் தானே கிளம்பி நவம்பரில் முடிந்தது. பீப்பாய் வாயில் காதை வைத்தால் சோடா பாட்டிலைத் திறந்து வைத்த மாதிரி மெல்லிய சத்தம்.

கணக்குப் பாருங்கள். 5.1 கிராம் மாலிக் போய் ஏறக்குறைய 3.4 கிராம் லாக்டிக் வரும், லாக்டிக் சாதுவான அமிலம், அதனால் மொத்த அமிலத்தில் ஏறக்குறைய மூன்று கிராம் குறையும். பாதிப் பாதி கலந்தபோது ஒன்பதுக்குப் பக்கம் வந்தது, குளிரில் டார்டாரிக் உப்பாகப் படிந்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்படியும் புளிப்புதான். எல்லாவற்றையும் மாலோ போகவிட்டிருந்தால் என்ன என்று இப்போது தோன்றுகிறது. ஒயின் மேக்கர் அப்போது சொன்னது: "இருப்பதே எலும்பு. அதையும் மழுக்கினால் என்ன மிஞ்சும்?" அப்போது தலையாட்டினேன். இப்போது பாதிதான் ஆட்டுவேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உடம்பு இல்லாத ஒயின் என்று ஈஸ்ட் வண்டலை வாரம் ஒருமுறை கோலால் கலக்கினோம், கொஞ்சம் சதை வைக்கும் என்று. வைத்தது. கூடவே பேக்கரி வாசமும் வைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதுமாக இருந்திருக்கும்.

23 ஆகஸ்ட்

ஷாப்லி (பிரான்ஸில் பர்கண்டியைச் சேர்ந்த ஷார்டொனே ஊர்) பற்றிக் கேட்டவருக்கு: மழையைவிட அங்கே பனிதான் எதிரி. 2021 ஏப்ரலில் துளிர்விட்டபின் உறைபனி விழுந்து பர்கண்டி ஷார்டொனேயில் பெரும்பகுதி போனது. ராத்திரி முழுக்கக் கொடிகளுக்கு நடுவே பெரிய மெழுகுவர்த்தி வாளிகளை எரிப்பார்கள், புகைப்படத்தில் கார்த்திகை தீபம் மாதிரி அழகாக இருக்கும், ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் கொளுத்தும் விவசாயிக்கு வயிறும் சேர்ந்து எரியும். ஷாப்லியில் இன்னொரு வேலையும் செய்வார்கள், துளிரின்மேல் தண்ணீர் தெளித்துப் பனிக்கட்டியாகவே உறையவிடுவார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பம் விடும், தெளிப்பது நிற்காதவரை உள்ளே துளிர் சுழியம் டிகிரிக்குக் கீழே போகாது. மோட்டார் நின்றால் கதை முடிந்தது.

எங்கள் மேட்டில் குளிர்காற்று சரிந்து கீழே போய்விடும், பனி அவ்வளவு தொல்லையில்லை. பள்ளத்துக்காரர்கள் காற்றாடி வைத்திருக்கிறார்கள்.

எந்த வருடம் மோசம் என்று ஒப்பிடச் சொன்னால், பனி ஒரே ராத்திரியில் எடுத்துக்கொண்டு போய்விடும், அழுதுவிட்டு மீதியை நன்றாக வளர்க்கலாம். மழை வருடம் ஆறு மாதம் தவணை வசூலிக்கும்.

31 ஆகஸ்ட்

இன்று முழுக்கக் கவாத்து. விரல் மரத்துவிட்டது, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கொடைக்கானலில் ஷார்டொனே வருமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. வைத்தால் வளரும். ஆனால் இந்தக் கொடிக்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும், இலை கொட்டித் தூங்கவேண்டும். இன்று நான் வெட்டினதெல்லாம் கட்டை மாதிரி கிடக்கிற கொடி. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது, கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம், வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நான் இங்கே சேற்றில் நின்ற அதே வருடம். ஊரிலிருந்து என் அண்ணன் போனில் சொன்னான், "உனக்கு வருடத்துக்கு ஒரு தடவைதானே பரீட்சை, எங்களுக்கு இரண்டு மூன்று தடவை." ஆனால் அவனுக்கு ஒரு வெட்டு போனால் அடுத்தது நாலு மாதத்தில் வரும். எனக்கு அடுத்த மார்ச்தான்.

6 செப்டம்பர்

பேசிப் பேசி வாய் ஊறிவிட்டது, நேற்று எங்கள் 2023 ஒன்றைத் திறந்தேன். டாண்டினாங்கில் (மெல்பர்ன் புறநகர்) வஞ்சிரம் வாங்கி வந்து வீட்டில் வறுத்திருந்தார்கள், மிளகாய் கம்மி, மஞ்சள், எலுமிச்சை இல்லாமல்.

முதல் வாய்க்கு உங்களைப் போலவே கண் சுருங்கியது. அப்புறம் மீனோடு குடித்தபோது ஒயின் எலுமிச்சை வேலையைப் பார்த்தது, எண்ணெயை வெட்டியது, மீனின் இனிப்பு மேலே வந்தது. மணம் என்று பார்த்தால் சாத்துக்குடித் தோல், ஈரக்கல், கொஞ்சம் அந்த பேக்கரி. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழம் இருக்கவேண்டிய இடத்தில் பழம் இல்லை, உடனே முடிவுக்குப் போய்விடுகிறது. முடிவு மட்டும் நீளம்.

ஆகவே ஆகஸ்ட் 3-ல் "வெள்ளைக்குக் கொண்டாட்டம்" என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். இங்கே பழைய ஆட்கள் 2011 பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள், அதுவும் மழை வருடம்தான், அந்த ஷார்டொனேக்கள் அருமை என்று. அருமையானவை அருமைதான். ஆனால் தேறாதவற்றை யாரும் பத்து வருடம் வைத்துத் திறந்து பேசமாட்டார்கள். வெயில் வருடத்தில் சோம்பேறி செய்ததும் குடிக்கிற மாதிரி இருக்கும்; மழை வருடத்தில் யார் கீழே எறிந்தார்கள், யார் என்னை மாதிரி ராத்திரி பதினொரு மணிக்குச் சேர்த்துக் கவிழ்த்தார்கள் என்பது பாட்டிலில் இருக்கும், லேபிளில் இருக்காது. கடைக்காரர் வருடத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் வருடத்தைப் பார்த்துத்தான் பதில் எழுதினேன்.

உங்கள் பாட்டிலை யார் செய்தார்கள் என்று நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை. மீதி இருந்தால் ஒரு டம்ளரில் ஊற்றி ராத்திரி ஜன்னலில் வையுங்கள், மூடாதீர்கள்.

8 செப்டம்பர் (கேள்வி கேட்டவர்)

லேபிளை ஆபீஸ்காரரின் குழந்தை கிழித்துவிட்டது அண்ணே, யாரா 2023 என்பது மட்டும் மிச்சம். பாட்டிலில் கால்வாசி இருந்தது, ஜன்னலில் வைத்தேன். காலையில் நிறம் அப்படியேதான் இருக்கிறது, வைக்கோல் மாதிரி. ஆனால் ஒரு கொசு விழுந்து செத்துக் கிடக்கிறது. இது நல்லதா கெட்டதா?

8 செப்டம்பர், இரவு

அது கொசுவாக இருக்காது, பழ ஈ. நிறம் நிற்கிறதென்றால் யாரோ ஒழுங்காகக் கீழே எறிந்திருக்கிறார். ஈயை எடுத்துப் போட்டுவிட்டு மீதியை மீன் குழம்பில் ஊற்றுங்கள், புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.